காசிமுக்கு ஒரு நிமிட மௌனம்

எனக்கு முதலில் பேசிய சம்பந்தம் முறிந்துபோனதற்கு நகை காரணமில்லை, சீர் காரணமில்லை, என் மூக்கும் காரணமில்லை. (மூக்கைப் பற்றி அவர்கள் முன்னமே பேசி முடித்துச் சமாதானமாகிவிட்டார்களாம்.) உலகத்தில் எந்த ஊரிலும் பிறக்காத ஓர் ஆள் செத்துப்போனதுதான் காரணம். இதை நம்பும்படியாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆரம்பித்ததுமே கேட்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் எதையும் காதில் வாங்குவதில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாப்பாவின் எலக்ட்ரிக்கல் கடையில் உட்கார்ந்து ஒயரை முழம் போட்டு விற்றுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கீழ்வேளூருக்குக் கிளம்பிவிடுவேன். எங்கே போகிறாய் என்று வாப்பா கேட்டால் “இலக்கிய வட்டம்” என்பேன். வாப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் “பையன் வாரா வாரம் இலக்கியம் பேசப் போறான்” என்று சொல்லிச் சொல்லி டியூப்லைட் விற்பார்.

நான் போனது மணிவண்ணன் வீட்டு மாடிக்கு. மணி தஞ்சாவூரில் என்னோடு கல்லூரியில் படித்தவன். படிப்பு முடிந்ததும் எல்லோரும் சென்னைக்கு ஓட, அவன் அப்பாவின் நிலத்தைப் பார்க்கக் கீழ்வேளூருக்குத் திரும்பினான். அந்த மாடி அறையில் ஒரு பக்கம் நெல் மூட்டைகள், மறுபக்கம் ஒரு மேஜை. மேஜையைச் சுற்றி நாங்கள் ஆடியது ஒரு கதை விளையாட்டு.

அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. புத்தகத்தின் அட்டையில் ஒரு குகை இருந்ததால் நாங்கள் ‘குகை’ என்றே சொல்வோம். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். (டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு மணியை “மாஸ்டர்” என்று கூப்பிட்டால் பால் ஆற்றிக்கொண்டிருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.) மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் போவோம். “மதகுக்குக் கீழே ஏதோ அசையுது, என்ன செய்யறே?” என்று மாஸ்டர் கேட்பார். “வாளை உருவறேன்” என்று சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணைப் பொறுத்து நாம் வெட்டுவோம், அல்லது வெட்டுப்படுவோம். ஒரே கதை வருடக்கணக்கில் நீளும்.

என் வீரனின் பெயர் காசிம். கப்பலோட்டி. ஒற்றைக் கண், இரட்டை வாள், யாருக்கும் அடங்காதவன். நானோ கடையில் யாராவது அதட்டினால் எம்.ஆர்.பி.க்கும் கீழே விலை குறைத்துக் கொடுத்துவிடுகிறவன். ஆகவே வாரத்தில் ஆறு நாள் சாதிக், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசிம் என்று வாழ்ந்துகொண்டிருந்தேன். இப்படியே நான்கு வருடம் ஓடியது. எங்களோடு ஆடிய இன்னொருத்தி ரேவதி. மயிலாடுதுறையில் வங்கி வேலை. எங்கள் மூன்று பேரில் புத்தி இருந்தது அவளுக்குத்தான்.

நான்காவது வருடம், அந்த விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்தது. பழைய விதிப் புத்தகம் சிவப்பு அட்டை, புதியது நீல அட்டை. அதோடு எங்கள் நிம்மதி போயிற்று.

திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதுவரை பிறந்தநாள் வாழ்த்து போட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஒருவரை ஒருவர் துரோகி என்று அழைக்க ஆரம்பித்தார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறுவார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் திரும்ப வந்து, காரணத்தை விளக்கிவிட்டு மறுபடி வெளியேறுவார். நான் நீலப் பதிப்பை ஆதரித்து, கல்லூரிப் பரீட்சையில்கூட எழுதாத நீளத்துக்கு ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். அதற்கு மணி போட்ட பதில் ஒரே எழுத்து: “ம்”.

சண்டை முழுக்க ஒரு விதியைப் பற்றித்தான். பழைய பதிப்பில் நம் வீரன் உயிர்போகும் நிலையில் விழுந்தால், மாஸ்டர் மறைவாக ஒரே ஒரு முறை பகடை உருட்டுவார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பு, குறைந்தால் சாவு. புதிய பதிப்பில் மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒன்று தேறினாலும் ஆள் எழுந்துவிடுவான்.

“மூணு வாய்ப்பு குடுத்தா அதுக்குப் பேரு சாவாடா?” என்றான் மணி, கீழ்வேளூர் டீக்கடையில். “மேட்டூர்ல தண்ணி தொறக்கலன்னா எனக்கு யாராச்சும் இன்னொரு தடவை உருட்டிப் பாருன்னு சொல்றாங்களா? நாத்து காஞ்சா காஞ்சதுதான்.”

“விளையாட்டுலயாவது மனுஷன் பொழைக்கட்டும்டா. நீலம்தான் நியாயம்.”

“செவப்பை விட்டு நான் வரமாட்டேன்.”

கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “எலெக்சன் தேதி சொல்லிட்டாங்களா தம்பி?” என்று கேட்டார்.

இந்தச் சண்டையை ஒரேயடியாகத் தீர்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. வாழ்க்கையில் எனக்கு உதித்த யோசனைகளிலேயே கேவலமானது அது. தமிழர்கள் தீராத வழக்கை எப்படித் தீர்க்கிறார்கள்? பட்டிமன்றம் வைத்து. மயிலாடுதுறையில் ஒரு ஹால் பிடிப்போம், எல்லா ஊர் ஆட்டக்காரர்களையும் கூப்பிடுவோம், சிவப்புக்கு மணி, நீலத்துக்கு நான், நடுவராக ஒரு பெரிய மனிதர். தீர்ப்பு வந்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

“வேணாம் சாதிக்” என்றாள் ரேவதி. “நாம மூணு பேரு உக்காந்து பேசிக்கலாம்.”

இல்லை, முறைப்படி நடக்கட்டும் என்றேன். ஹாலை அவள்தான் பிடித்துக் கொடுத்தாள், ஒரு பேக்கரிக்கு மேலே. மேடையில் மணி அடித்து நேரம் சொல்லும் வேலையையும் அவள் தலையில் கட்டினேன்.

நடுவர், திருவிழா மேடைகளில் பெயர் வாங்கிய ஒரு புலவர். போனில் பேசினேன்.

“தலைப்பு சொல்லுங்க தம்பி.”

“பழைய பதிப்பா, புதிய பதிப்பாங்கய்யா.”

“எந்த நூலுக்கு?”

“விளையாட்டுங்கய்யா. அதுல ஒருத்தர் கதை சொல்வாரு, மத்தவங்க எல்லாம்…”

“புரிஞ்சுபோச்சு. மரபா, புதுமையா. இது எத்தனையோ மேடை பேசுனதுதான். கார் மட்டும் நேரத்துக்கு அனுப்பிடுங்க.”

அடுத்து பிளெக்ஸ். நான் கேட்டது ஒரு நெருப்பு கக்கும் பறவைநாகம். “அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இல்ல பாய், முதலை இருக்கு, றெக்கை ஒட்டித் தரேன்” என்றார் பிளெக்ஸ் கடைக்காரர். கை பழகிய பழக்கத்தில் ‘மாபெரும்’ என்ற சொல்லையும், ‘மக்களுக்கு நன்மை தருவது’ என்ற வரியையும் அவராகவே சேர்த்தார். கீழே நான் கைகூப்பி நிற்கும் படம். ‘மாபெரும் பட்டிமன்றம்: மக்களுக்கு நன்மை தருவது பழைய பதிப்பா? புதிய பதிப்பா? அனைவரும் வருக.’ மேலே றெக்கை முளைத்த முதலை.

அந்த பிளெக்ஸை மயிலாடுதுறையில் பார்த்த அனைவரில் ஒருவர், ஹாஜியார்.

ஹாஜியார் என்றால் எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் வாப்பா. குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்து மயிலாடுதுறையில் வீடு கட்டி உட்கார்ந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அது முடிவு. போட்டோ பரிமாற்றம் முடிந்திருந்தது. அடுத்த வாரம் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. பிளெக்ஸைப் பார்த்தவர் வாப்பாவுக்குப் போன் போட்டார். “ஒங்க புள்ள இவ்வளவு பெரிய பேச்சாளரா? சொல்லவே இல்லையே!”

வாப்பா உச்சி குளிர்ந்துபோனார். “வாங்க, சேந்தே உக்காந்து கேப்போம்” என்று அவரே அழைப்பும் வைத்துவிட்டார். எனக்கு அது தெரிந்தது முந்தின நாள் சாயந்திரம். புத்தியுள்ளவனாக இருந்தால் அன்றே எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். எனக்கோ, பொண்ணு வீட்டார் முன்னால் நான் கைதட்டு வாங்குவதாகக் கற்பனை ஓடியது. உம்மா ஜிப்பாவுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அதன் பையில், ராசிக்காக, என் பகடையைப் போட்டுக்கொண்டேன்.

ஹாலில் ஆட்டக்காரர்கள் எட்டு பேர் இருந்தார்கள். மீதி எல்லாம் ஊர்க்காரர்கள். புலவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள், பேக்கரிக்கு வந்து மேலே ஏறியவர்கள், மக்களுக்கு என்ன நன்மை என்று பார்க்க வந்தவர்கள். முன்வரிசையில் வாப்பா, உம்மா, ஹாஜியார், அவருடைய தங்கை. அந்த மாமி கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். வீடியோ காலில், வீட்டிலிருந்தபடி, பெண்.

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த விளையாட்டே தெரியாது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. எழுதி மனப்பாடம் செய்ததை அப்படியே அவிழ்த்துவிட்டேன்.

“ஒரு மனிதன் கீழே விழுந்தால் எழுந்திருக்க அவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தரக் கூடாதா?” என்றேன். படபடவென்று கைதட்டல். ஹாஜியார் தலையாட்டினார். போனுக்குள் பெண்கூடத் தலையாட்டியதுபோல் எனக்குத் தோன்றியது. இங்கேயே நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்திருந்தால் இன்று நான் மயிலாடுதுறை மாப்பிள்ளை.

“என் காசிமையே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். “நான்கு வருடமாக நான் வளர்த்தவன். ஒருநாள் மதகடியில் விழுந்துவிட்டான். ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய விதி அவனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு வாய்ப்பு! அவன் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம். இது நியாயமா?”

ஹாஜியார் தலையாட்டுவதை நிறுத்தினார். மெல்லத் திரும்பி வாப்பாவைப் பார்த்தார். வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தார். நான் கூட்டம் உருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்தது மணி. மேடைக்குப் பழகாதவன். மைக்கை இரண்டு கையாலும் மண்வெட்டிபோல் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான். “விதின்னா வளையக் கூடாதுங்க. வளைஞ்சா அது விதி இல்லைங்க. பழைய பதிப்போட அழகே அதாங்க.” சுருக்கமாகவும் நன்றாகவும் பேசினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

“அப்படின்னா ஒன் மாடியில நாலு வருஷமா ஏன்டா ஒருத்தனும் சாவல?” என்றேன். “விதி விதிங்கறியே, ஒனக்குக் கதை நடத்தத் தெரியல, அதானே? எல்லாம் பொம்மைச் சண்டை.”

கூட்டம் சிரித்தது. ரேவதி பாவம், நேரம் முடியாமலேயே மணியை அடி அடி என்று அடித்தாள். (மேசை மணியை.) மணிவண்ணன் சிரிக்கவில்லை. அவன் கழுத்து சிவந்தது.

“காசிம் செத்துட்டான்” என்றான்.

“என்னது?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே செத்துட்டான். அந்த மதகுலயே. நான்தான் மறைச்சேன்.”

மைக்கிலிருந்து ஒரு கையை எடுத்து மூன்று விரலைக் காட்டினான்.

“மூணு விழுந்துச்சுடா. பன்னெண்டுன்னு பொய் சொன்னேன். துபாய் வேலை இல்லேன்னு ஒனக்குச் சேதி வந்த அன்னைக்கு. நீ உக்காந்திருந்த இருப்பைப் பாத்தேன். இதையும் எப்படிச் சொல்றது? வாழ்க்கையில நான் விதியை மீறுனது அந்த ஒரு தடவைதான். அதுக்குத்தான் இப்ப பொம்மைச் சண்டைன்னு சொல்றே.”

அந்த இடத்தில் நல்ல மனிதன் என்ன செய்திருப்பான்? எழுந்து போய் நண்பனைக் கட்டிப்பிடித்திருப்பான். நான் அப்போது நீலப் பதிப்பின் ஆதரவாளன். எனக்கு வேறொன்று உறைத்தது.

“மூணுங்கறது ஒரு வாய்ப்புத்தானே?” என்று கத்தினேன். “புதுப் பதிப்புப்படி அவனுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு! இப்பவே உருட்டறேன். காசிம் பொழைப்பான். நீயே பாரு!”

ஜிப்பா பையிலிருந்து பகடையை எடுத்தேன். முன்வரிசையில் வாப்பாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் பகடை என்றால் சூது. தாயக்கட்டை பக்கத்தில்கூட யாரும் போனதில்லை. நான் அதை ஜிப்பாவுக்குள் வைத்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால், புலவர் மேஜையில் உருட்டினேன்.

ஏழு.

“இன்னும் ஒண்ணு இருக்கு!” என்றேன். இரண்டாம் முறை பலமாக வீசிவிட்டேன். பகடை மேஜையைத் தாண்டி, மேடையைத் தாண்டி, தரையில் தத்தித் தத்தி ஓடி, ஹாஜியாரின் காலடியில் போய் நின்றது.

“என்ன விழுந்திருக்கு?” என்று மைக்கில் கேட்டேன். யாரை? எனக்கு மாமனாராகப் போகிறவரை.

அவர் நிதானமாகக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கையால் தொடாமல், தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார்.

“ஒண்ணு” என்றார்.

பழைய பதிப்பில் காசிம் ஒரே அடியில் செத்திருந்தான். புதிய பதிப்பில் மூன்று தவணையில் செத்தான். நான் ஊர் கூட்டி வாதாடிய முன்னேற்றம் இவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்தது. கண் கலங்குவது, தொண்டை அடைப்பது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளும் வகை இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, மைக்குக்கு மிக அருகில், “காசிமு… நாலு வருஷம் வளத்தேனேடா…” என்று அழுதேன். ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தது, நல்ல தரம். கீழே பேக்கரியில் கேக் வாங்கியவர்கள்கூட மேலே ஓடி வந்தார்கள்.

உம்மா முதலில் எழுந்தார். “யா அல்லா! யாருடா காசிம்? யாரு மவுத்து?” என்று நெஞ்சில் கைவைத்தார். விஷயம் புரியாவிட்டாலும் பெற்ற பிள்ளை அழுகிறான் அல்லவா, அவரும் அழ ஆரம்பித்தார். அதைப் பார்த்துப் பின்வரிசைப் பெண்கள் அழுதார்கள். “நாலு வயசுப் புள்ளையாம்… மதகுல விழுந்துட்டாம்” என்று யாரோ யாருக்கோ சொன்னது மேடைவரை கேட்டது. ஹாஜியார் முணுமுணுப்பாக, சாவுச் சேதி கேட்டால் ஓதும் “இன்னாலில்லாஹி” ஓதினார்.

புலவருக்கு எத்தனை மேடை அனுபவம்! எழுந்து என் கையிலிருந்து மைக்கை மென்மையாக வாங்கினார். “பெருமக்களே, வாதம் எங்கே முடிகிறதோ அங்கே வாழ்க்கை தொடங்குகிறது. அகால மரணமடைந்த காசிம் அவர்களின் நினைவாக, அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

ஹால் முழுக்க எழுந்து நின்றது. திருச்சியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்த எங்கள் ஆட்டக்காரர்கள் எட்டு பேரும் உண்மையாகவே தலைகுனிந்து நின்றார்கள். அவர்களுக்குக் காசிமைத் தெரியும். மணியும் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. ரேவதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று இதுவரை அவள் சொன்னதில்லை. முன்வரிசையில் மாமி, மெதுவாக, போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

மௌனம் முடிந்ததும் புலவர் தீர்ப்பும் சொன்னார். பழையதும் வேண்டும், புதியதும் வேண்டும், இரண்டும் கலந்து வாழ்வதே இன்பம். கார் தயாரா என்று கேட்டார். போய்விட்டார்.

படிக்கட்டுக்குக் கீழே ஹாஜியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமே இல்லை. அதுதான் கொடுமை.

“தம்பி, மறைக்காம சொல்லுங்க. மொத சம்சாரம் எங்க இருக்காங்க?”

“ஐயோ, எனக்குக் கல்யாணமே ஆவல மாமா!”

அவர் முகம் இன்னும் இருண்டது. நான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இல்ல, இல்ல, காசிம் நெசமான ஆளே இல்ல. விளையாட்டுல வர்றவன்.”

“விளையாட்டுலயா செத்தான்?”

“ஆமா. பகடை உருட்டுனோம்ல…”

“பகடை உருட்டித்தான் ஆள் பொழைக்கறதும் சாவறதுமா?”

“ஆமா மாமா. இது பழைய பதிப்புல ஒரு தடவை, புதுப் பதிப்புல மூணு தடவை.”

அவர் என் தோளில் கை வைத்தார். “ஒடம்பப் பாத்துக்குங்க தம்பி” என்றார். அவ்வளவுதான். காரில் ஏறிக்கொண்டார்கள்.

வேனில் வீடு திரும்பினோம். தரங்கம்பாடியில் வாப்பா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

“அந்தக் காசிமுக்கு என்ன வயசு?”

“முப்பத்திரண்டு வாப்பா.”

“ஒனக்கு?”

“இருபத்தாறு.”

“அவன நீ வளத்தே.”

“ஆமா வாப்பா.”

காரைக்கால் வந்தது, போனது. நாகூர் வந்தது. வாப்பா அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வாரம் ஒயர் சைஸைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. இலக்கியத்தை ஊரில் யார் பாராட்டினாலும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒரே மதியத்தில் எனக்குச் சம்பந்தம் போயிற்று, காசிம் போனான், மணி போனான். முதல் இரண்டையும் ஊரே சேர்ந்து துக்கம் கேட்டது. மூன்றாவதைக் கேட்க யாருமில்லை. மன்னிப்புக் கேட்டு அவனுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். “ம்” என்று பதில் வந்தது. கீழ்வேளூருக்குப் போனேன், வயலில் இருப்பதாக அவன் அம்மா சொன்னார்கள். வரப்பில் தேடிப் போனால், என்னைக் கண்டதும் அறுவடை இயந்திரத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டான். அந்தச் சத்தத்தில் நான் என்ன கத்தினாலும் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். மாடி அறையில் மேஜை இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்கிவிட்டார்களாம், ரேவதி சொன்னாள். பிறகு அவளுக்கும் மாற்றல் வந்து கோயம்புத்தூர் போனாள். வாட்ஸ்அப் குழுவில் சிவப்பா நீலமா என்ற பேச்சே அடங்கிப்போனது. அந்த வகையில் பட்டிமன்றம் வெற்றி.

நீலப் புத்தகம் இருந்தது. சேர்ந்து ஆடத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அதைத் தனியாகப் புரட்டுவேன். மூன்று வாய்ப்பு விதி இருக்கும் பக்கம் வந்ததும் மூடிவிடுவேன்.

அடுத்த வருடம் திருவாரூரில் எனக்கு நிக்காஹ் நடந்தது. மணி வந்தான். பிரியாணி சாப்பிட்டான், கவரைக் கொடுத்தான், “முறைக்கு வந்தேன்” என்றான், போனான். அதற்கப்புறம் இரண்டு வருடம் பேச்சில்லை.

ஒருநாள் கடையில் இருக்கும்போது அவனிடமிருந்து போன். எடுத்ததும் நலம் விசாரிப்பு எதுவுமில்லை.

“அதுக்கும் அடுத்த பதிப்பு வந்திருக்கே, பாத்தியா?”

“பாத்தேன்.”

“செத்தாலும் அடுத்த ஆட்டத்துல தானா எழுந்து வந்துடுவானாம்டா.”

“நாசமாக்கிட்டானுங்கடா மணி.”

“அதாண்டா. அதுக்கு ஒன் நீலமே தேவலாம்.”

“ஒன் செவப்பு அதைவிடத் தேவலாம்.”

“சரி, ஞாயித்துக்கெழமை வா, உர மூட்டைய எறக்கணும்” என்றான். வைத்துவிட்டான். இப்போது மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். பழைய கதையை அவன் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. புதிதாக ஒரு சமையல்காரனாக ஆடுகிறேன். வாள் கிடையாது. அவனிடம் அதிகப் பாசம் வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் வீட்டில் அந்த மதியத்தின் வடு வேறு விதமாகத் தங்கிவிட்டது. அது உம்மாவின் வேலை. ஒருநாள் மிக்ஸி புகைந்து நின்றபோது, “மிக்ஸி காசிமாயிடுச்சு” என்றார். வாப்பாவே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பேட்டரி தீர்ந்தால் போன் காசிமாகும், ஃபியூஸ் போனால் பல்பு காசிமாகும். கடைக்கு ரிப்பேருக்கு வரும் மோட்டாரைத் தட்டிப் பார்த்து, “காசிம்தான், புதுசு வாங்கிக்குங்க” என்று வாப்பா சொல்ல, ஆச்சரியம், வாடிக்கையாளருக்கும் புரிந்துவிடுகிறது. என் மனைவி வந்த மாதமே கற்றுக்கொண்டாள். என் மகளுக்கு அது தமிழ்ச் சொல் இல்லை என்றே தெரியாது.

போன மாதம் அவள் எல்.கே.ஜி. மிஸ் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பில் கண்ணாடித் தொட்டியில் இருந்த மீன் இறந்துவிட்டதாம். என் மகள் எழுந்து நின்று, “மிஸ், மீன் காசிமாயிடுச்சு” என்று உரக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த வகுப்பில் காசிம் என்றே ஒரு பையன் இருக்கிறான். அவன் பயந்து வீட்டில் போய் அழுதிருக்கிறான். அவனுடைய உம்மா வந்து மிஸ்ஸின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நியாயமான கோபம்.

“ஏங்க, எம்புள்ள பேரை வெச்சு இப்படியா சொல்லித் தருவீங்க? யாருங்க அந்தக் காசிம்?”

நான் வாயைத் திறந்தேன். விளையாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு மாஸ்டர், பகடை, சிவப்பு அட்டை, நீல அட்டை, மதகு, மூன்று வாய்ப்பு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். ஹாஜியாரின் கை என் தோளில் இருந்தது ஞாபகம் வந்தது.

“எங்களுக்கு ரொம்ப வேண்டியவருங்க” என்றேன். “போய் ஆறு வருஷம் ஆச்சு.”

அவர் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “மன்னிச்சுக்குங்க, தெரியாமக் கேட்டுட்டேன். அல்லா அவங்களுக்கு நல்ல எடத்தக் குடுப்பான்” என்றார்.

“ஆமீன்” என்றேன். பக்கத்தில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.